ஒட்டிப் பிறந்த பிள்ளைகளைப் பிரித்தால், தோலுக்கு எங்கே போவது?

[காட்சி: வண்ணார்பேட்டையில் ஒரு தையல் கடை. மேஜையில் விரித்த துணி, சாக்பீஸ் கோடு, கத்திரி.]

வணக்கம். ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பிரித்தார்கள் என்று செய்தி வந்தால், நம்ம ஊர் டீக்கடைகளில் முதலில் பேசுவது மணிக்கணக்கைத்தான். 2003 அக்டோபரில் அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில், தலை ஒட்டிப் பிறந்த எகிப்துப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிரிக்க 34 மணி நேரம் ஆனது. "ஒன்றரை நாளாம்லா!" என்று வாயைப் பிளந்தோம். ஆனால் மேலப்பாளையத்து ஆச்சி ஒருத்தர் என்னிடம் கேட்டது வேறு: "பிரிச்ச பெறவு ரெண்டு பிள்ளைக்கும் அந்த இடத்த மூட தோலுக்கு எங்கல போவான்?"

ஆச்சி கேட்டதுதான் சரியான கேள்வி. இந்த வீடியோ முழுக்க அதற்கான பதில்தான்.

ஒரு சட்டைக்கு அளந்து எடுத்த துணியில் இரண்டு சட்டை தைக்கச் சொன்னால் டெய்லர் அண்ணாச்சி என்ன சொல்வார்? "துணி பத்தாது தம்பி." பிள்ளைகளைப் பிரிக்கும்போதும் அதே கணக்குதான். ஒட்டியிருந்த இடம் உள்ளங்கை அளவு என்றால், வெட்டிய பிறகு திறந்து கிடப்பது இரண்டு உள்ளங்கை அளவு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சேர்ந்திருந்தபோது அந்த இடத்துக்குத் தோலே தேவைப்படவில்லை. அதனால் அங்கே தோல் கிடையாது.

[காட்சி: வரைபடம். நெஞ்சு ஒட்டிய இரு குழந்தைகள். நடுவில் விட்டு விட்டு ஒரு சிவப்புக் கோடு.]

மூடாமல் விட்டால் என்ன? நெஞ்சு என்றால் உள்ளே இதயம். வயிறு என்றால் ஈரல், குடல். தலை என்றால் மூளையைச் சுற்றிய சவ்வு. அதில் நீர் கசிந்து கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல். பக்கத்துத் தோலை இழுத்துப் பிடித்துத் தைத்துவிடலாம் என்றால், நெஞ்சு இறுகிப்போய்ப் பிள்ளை மூச்சு விடத் திணறும். தைத்த விளிம்புக்கு ரத்தம் போகாமல் கறுத்து, தையலும் பிரிந்துவிடும்.

தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டலாமே என்று கேட்பீர்கள். அப்படி ஒட்டும் தோல் பிழைக்க, அடியில் ரத்த ஓட்டமுள்ள சதை வேண்டும். வெற்று எலும்பின் மேலோ, உள்ளே வைத்த செயற்கை வலையின் மேலோ அது பிடிக்காது. பிடித்தாலும் நாளாக ஆகச் சுருங்கும். சரி, அப்படியானால் தோலை அந்தப் பிள்ளையின் உடம்பிலேயே வளர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த யோசனையை 1957-ல் சார்லஸ் நியூமன் என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வெளியிட்டார். காது அறுந்துபோன ஒருவருக்குப் புதுக் காது செய்யத் தோல் பற்றவில்லை. காதுக்கு மேலே தோலுக்கடியில் ஒரு ரப்பர் பலூனை வைத்து, வெளியே விட்ட குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1970-களில் ராடோவன், ஆஸ்டட் என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக சிலிகான் பலூனைக் கொண்டுவந்த பிறகுதான் இது பரவியது.

பலூன் வைத்தால் தோல் வெறுமனே இழுபடுவதோடு நிற்பதில்லை, நிஜமாகவே வளர்கிறது. செல்களை இழுத்துப் பிடித்தால் அவை பிரிந்து பெருகும். மேல்தோல் கொஞ்சம் தடிக்கும், உள்தோல் மெலியும், புதிதாக ரத்தக் குழாய்கள் ஓடிவரும். மாசமாக இருக்கும் பெண்ணின் வயிற்றுத் தோல் மாதக்கணக்கில் செய்கிற அதே வேலைதான் இது. அவசரப்படுத்தினால் மட்டும் நடக்காது.

[காட்சி: பலகையில் ஒரு கோடு; அதன் மேல் அரைவட்டம்.]

எவ்வளவு கிடைக்கும்? பலூனின் அடி 6 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது அரைவட்டமாக எழும்பினால் மேலே போர்த்தியிருக்கும் தோலின் நீளம் சுமார் 9.4 செ.மீ. ஆக, லாபம் 3.4 செ.மீ.தான். பலூனை எடுத்ததும் தோல் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும், அதையும் கழிக்க வேண்டும். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக, சில சமயம் இன்னும் கூடுதலாகப் பலூன் வைக்கிறார்கள்.

முதலில் மயக்கம் கொடுத்து ஒரு சின்ன ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு அதுவே பெரிய தலைவலி: இரண்டு பிள்ளைகளின் ரத்தமும் கலந்து ஓடினால், ஒன்றுக்குக் கொடுத்த மருந்து மற்றதையும் எட்டும். பலூனைத் தோலுக்கடியில் காலியாக வைத்து, பலூனை நிரப்புவதற்கான குழாயின் வாயைச் சற்றுத் தள்ளித் தோலுக்கடியிலேயே புதைத்துத் தைத்துவிடுவார்கள். புண் ஆறிய பிறகுதான் நிரப்பும் வேலை.

[காட்சி: நர்ஸின் கைகள் மட்டும். முகங்கள் வேண்டாம்.]

நர்ஸ் விரலால் தடவித் தோலுக்கடியில் அந்த வாயைத் தேடுகிறார். சின்ன நாணயம் போல் கட்டியாகத் தட்டுப்படும். அந்த இடத்தைத் துடைத்து மெல்லிய ஊசியை ஏற்றி, சலைனை, அதாவது உப்புநீரை, மெதுவாகச் செலுத்துகிறார். ஒரு பிள்ளைக்குக் குத்தினால் மற்றதும் சேர்ந்து கத்துகிறது. அதனால் அழுகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, தோலைத்தான் பார்க்க வேண்டும். பளபளவென்று இறுகுகிறதா, வெளிறுகிறதா? விரலால் அழுத்தி விட்டால் உடனே நிறம் திரும்ப வேண்டும். திரும்பவில்லையா, ஏற்றியதில் கொஞ்சத்தை அதே ஊசியில் திரும்ப உறிஞ்சி எடுத்துவிடுகிறார். பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, இப்படியே பல வாரம்.

இந்த வாரங்களைத் தாண்டுவதுதான் பாடு. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிய பிள்ளைகளைக் குப்புறப் போட முடியாது, மல்லாத்தவும் முடியாது. மிச்சமிருக்கும் பக்கத்தில் பலூன் இருந்தால் எப்படிப் படுக்க வைப்பது? பலூன் மேல் எடை அழுத்தினால் தோல் புண்ணாகும். மண்டை என்றால் அடியில் எலும்பு தாங்கும். வயிற்றில் அப்படித் தாங்க எதுவும் இல்லாததால் பலூன் உள்பக்கமாகவும் தள்ளும். பிஞ்சு விலா எலும்பும் அமுங்கும். கிருமி தொற்றினால் பலூனையே எடுத்துவிட்டு, ஆறும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், தலை ஒட்டிப் பிறந்த பாகிஸ்தான் சிறுமிகள் இரண்டு பேரை 2018 அக்டோபரில் தொடங்கி 2019 பிப்ரவரியில்தான் முழுதாகப் பிரித்தார்கள். ஜீலானி, டனவே என்ற இரண்டு டாக்டர்கள் முன்னின்று செய்த மூன்று பெரிய ஆபரேஷன்கள், மொத்தம் 50 மணி நேரத்துக்கும் மேல். கடைசி ஆபரேஷனுக்கு முன்னால் அங்கேயும் தோலுக்கடியில் பலூன் வைத்துத் தோல் வளர்த்தார்கள். என்னைக் கேட்டால், செய்தி போடுகிறவர்கள் மணியோடு இந்த வாரங்களையும் சேர்த்து எழுத வேண்டும். ஆபரேஷன் நாளில் தோலை மூட முடியுமா என்பது அந்த வாரங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பிறந்த கையோடு பிரித்தே ஆகவேண்டிய நெருக்கடி வந்தால் பலூனுக்கு நேரம் இருக்காது. ஒரு பிள்ளை பிழைக்காது என்ற நிலையில், அதன் தோலையே மற்றதற்குப் பயன்படுத்தியதும் உண்டு. ஒரே கருவிலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்தத் தோலை உடம்பு ஒதுக்காது. கேட்கவே மனசு கனக்கிற விஷயம்தான், ஆனால் ஆச்சியின் கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

[காட்சி: பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் சாலை, காலை நேரப் போக்குவரத்து.]

ஒட்டிப் பிறப்பது லட்சத்தில் ஒன்றிரண்டு கர்ப்பத்தில் நடப்பது. நம்மில் பெரும்பாலோர் கண்ணால் பார்க்கப்போவதில்லை. ஆனால் இதே பலூன் தீக்காயத் தழும்புக்கும் உதவும். அடுப்பங்கரையில் கொதிநீர் கொட்டித் தலையில் முடி முளைக்காமல் போன பிள்ளைக்கு, பக்கத்திலுள்ள முடியுள்ள தோலை வளர்த்துத் தழும்பு இருந்த இடத்தை மூடலாம். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோலில் தலைமுடி வராது. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்: நிரப்புகிற வாரங்களில் தலையில் கொம்பு முளைத்த மாதிரி வீக்கம் தெரியும். முழு ஆண்டு லீவில் தொடங்கினால், பள்ளிக்கூடத்துக் கேலியில் பாதியாவது குறையும்.