டிரில் மெஷின் இல்லாமல் கர்ட்டன் கம்பி! மாமியார் தலையில் விழுந்த பிறகு தெரிந்துகொண்டது

(காட்சி: தரையில் கிடக்கும் கர்ட்டன் கம்பி. பக்கத்தில் சோபா. சோபாமேல் ஈரத்துணிக் குவியல்.)

இந்தக் கம்பியைப் பாருங்கள். போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, இரவு பத்தரை மணிக்கு, இது என் மாமியார் தலையில் விழுந்தது.

சரி, தலையில் இல்லை, தோளில். தலைப்பு நன்றாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, யூடியூப்ல நீங்க வேற என்னவெல்லாம் சொல்லித் தர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த வீடியோ.

வணக்கம் மக்களே. டிரில் மெஷின் இல்லாமல் வீட்டில் கர்ட்டன் கம்பி மாட்டுவது எப்படி என்று பார்க்கப் போகிறோம். இங்கே சிங்கப்பூரில், ஊரிலிருந்து வந்த நண்பர்கள் இதை ஸ்கிரீன் என்பார்கள், எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார ஆன்ட்டி, லாங்சிர் என்பார், செய்தி வாசிப்பவர் திரைச்சீலை என்பார். விழும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான்.

டிரில் ஏன் வேண்டாம்? சிலருக்கு வாடகை வீடு, டெபாசிட் பயம். சிலருக்குப் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கர்ட்டனே எதற்கு என்று கேட்பவர்கள் ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மேற்குப் பார்த்த என் ஹாலில் வந்து உட்காருங்கள். அந்த வெயிலில் கொஞ்சம் பங்கு நம் கடிகாரத்துக்கும் உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-ஐ நள்ளிரவு என்று வைத்து, கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். இல்லாவிட்டால் ஏழு மணி அளவில் மறைகிற சூரியன் ஆறரைக்கே போயிருக்கும். என் சோபாவின் நிறமும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

விஷயத்துக்கு வருவோம். நான் என்ன தப்பு செய்தேன்?

சுவரில் ஓட்டை போடாமல், ஒட்டும் தாங்கிகள் இரண்டு வாங்கி ஜன்னலுக்கு இரு பக்கமும் ஒட்டினேன். ஒவ்வொன்றும் 2 கிலோ தாங்கும் என்று அட்டையில் இருந்தது. ஆக 4 கிலோ. கர்ட்டன் எவ்வளவு? வெளிச்சத்தை மறைக்கும் கெட்டித் துணி, சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று வையுங்கள். ஜன்னல் அகலம் ஒன்றரை மீட்டர். மடிப்பு அழகாக விழ அதைப்போல் இரண்டு மடங்கு துணி வேண்டும், 3 மீட்டர். உயரம் ஒன்றரை மீட்டர். மொத்தம் 4.5 சதுர மீட்டர், 1.35 கிலோ. கம்பி, வளையம் எல்லாம் 1.15 கிலோ. கூட்டினால் இரண்டரை கிலோ. நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை, நானும் இதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அப்புறம் தீபாவளி வந்தது. அத்தை கர்ட்டனைத் துவைத்தார். துவைத்து, நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்: ஈரத்தோடு அதே கம்பியில் மாட்டிவிட்டார். தன் எடையில் தானே சுருக்கம் போய்விடும், இஸ்திரி போடத் தேவையில்லை. நல்ல யோசனைதான். ஆனால் சரியாகப் பிழியாத துணி இரண்டு மடங்கு எடைகூட வரும். அப்படியே வைத்துக்கொண்டாலும் துணி 2.7, கம்பி 1.15. மொத்தம் 3.85 கிலோ.

இன்னும் 4 கிலோவுக்குக் கீழேதான்! பிறகு ஏன் விழுந்தது?

(காட்சி: தட்டில் வண்ண வண்ண அடுக்குகளோடு ஒரு துண்டு குவே லாப்பிஸ்.)

அதற்கு இதை வாங்கி வந்தேன். வீடியோவுக்காக மூன்று, எனக்காக இரண்டு. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து, ஓர் அடுக்கு வெந்தபின் அதன்மேல் அடுத்த அடுக்கு ஊற்றி ஆவியில் வேகவைப்பது. சின்ன வயதில் இதைக் கடித்துத் தின்றவர் உண்டா? நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, அடுக்கு அடுக்காக உரித்துத்தானே தின்றோம்? இப்போது இன்னொன்று செய்யுங்கள். மேல் அடுக்கில் உள்ளங்கையை வைத்து, உரிக்காமல் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைகிறதா? முழுத் துண்டும் நெளிகிறது, அடுக்கு மட்டும் நகரமாட்டேன் என்கிறது.

ஒட்டும் பசையும் அப்படித்தான். சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி இழுத்தால், ஒட்டிய பரப்பு முழுவதும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். சுவரை விட்டு வெளியே இழுத்தால், ஓரத்தில் ஒரு கோடு மட்டும் முழுப் பாரத்தையும் வாங்கும். அந்தக் கோடு விட்டதும் அடுத்த கோடு. அட்டையில் எழுதியிருந்த 2 கிலோ, சுவரை ஒட்டித் தொங்கும் பாரத்துக்கு. கர்ட்டன் கம்பி அப்படித் தொங்குவதில்லை. என் தாங்கி கம்பியைச் சுவரிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருந்தது. அதன் ஒட்டும் பட்டையின் உயரம் 5 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்கு நினைவிருக்கிறதா? ஒரு பக்கத்து எடை 1.9 கிலோவை எட்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால், மேல் ஓரத்தை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 3 கிலோ. நானே குவே லாப்பிஸை உரித்திருக்கிறேன், மக்களே, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னும் ஒரு வேடிக்கை. விழுந்த தாங்கியைத் திருப்பிப் பார்த்தேன்.

(காட்சி: தாங்கியின் பின்புறம், மிக அருகில்.)

பசை விடவே இல்லை. இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது, பெயின்டை. மேலே நான் அடித்த சந்தன நிறம், அதற்குக் கீழே வெளிர்பச்சை, அதற்கும் கீழே பளிச்சென்று ரோஜா நிறம். மறுவிற்பனையில் வாங்கிய பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இது. எனக்கு முன் இருந்தவரும் அவருக்கு முன் இருந்தவரும் சேர்ந்து என் சுவரையே குவே லாப்பிஸ் ஆக்கி வைத்திருந்தார்கள்.

ஆகவே ஒட்டும் தாங்கி வேண்டுமென்றால் ஓடு, மரச்சட்டம், உலோகம் இவற்றில் ஒட்டுங்கள். பெயின்ட் அடித்த சுவர்தான் இருக்கிறது என்றால், கம்பி சுவரை ஒட்டி வருகிற மாதிரி, பட்டை உயரமாக உள்ள தாங்கியாகப் பாருங்கள். 8-க்குப் பதில் 3 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அந்த 3 கிலோ, ஒரு கிலோ சொச்சமாகக் குறைந்திருக்கும். ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு மாட்டுங்கள். புதுப் பெயின்ட் என்றால் ஒரு வாரமாவது பொறுங்கள். மெல்லிய துணி மட்டும் போடுங்கள். துவைத்தால் வேறு எங்காவது காயவையுங்கள்.

அடுத்து ஸ்பிரிங் கம்பி. குளியலறைத் திரைக்குப் போடுவோமே, அது. ஜன்னல் சுவருக்குள் உள்வாங்கி, இரண்டு பக்கமும் சுவர் எதிரெதிரே இருந்தால் இதைவிட எளிது எதுவும் இல்லை. இடைவெளியை அளந்து, கம்பியை அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமாகத் திருகிவைத்து, அமுக்கி உள்ளே நுழைத்து விடுங்கள். இரு முனை ரப்பரும் சுவரை அழுத்தும், உராய்வு தாங்கும். ரப்பர் படும் இடத்தில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக்கூடாது. சமையலறை ஜன்னல்காரர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

ஆனால் நீளத்தில் கவனம். அதே கம்பி, அதே துணி, ஜன்னல் அகலம் மட்டும் இரண்டு மடங்கு என்றால், நடுவில் தொய்வு எவ்வளவு கூடும்? இரண்டு மடங்கு என்றுதான் நானும் நினைத்தேன். பதினாறு மடங்கு! நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். ஹால் ஜன்னலுக்கு நீண்ட ஸ்பிரிங் கம்பி வாங்கிவிட்டு, அது வில்லாக வளைகிறது என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

காந்தக் கம்பி: ஜன்னல் கிரில் இரும்பு என்றால் அருமை, அலுமினியம் என்றால் ஒட்டாது. வாங்கும் முன் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிப் பாருங்கள், முடிந்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கனமான கர்ட்டன்தான் வேண்டும், சுவரில் ஓட்டை போடலாம், ஆனால் டிரில் மட்டும் இல்லை. முடியுமா? மின்சார டிரில் வருவதற்கு முன்பும் வீடுகளில் கர்ட்டன் இருந்தது, முடியும்.

ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில், முனையில் கூட்டல் குறி போல வெட்டிய உளி கேட்டேன். கடை அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தூசி தட்டி ஒன்றை எடுத்து வந்தார். பென்சிலால் குறி வையுங்கள். உளியை நேராகப் பிடித்துச் சுத்தியலால் ஒரு தட்டு, கொஞ்சம் திருப்பு, ஒரு தட்டு, கொஞ்சம் திருப்பு. பலமாக அடிக்க வேண்டாம், திருப்புவதில்தான் வேலை நடக்கிறது. நடுநடுவே பொடியை எடுத்துவிடுங்கள். வாயால் ஊதினால் கண்ணுக்குத்தான் வரும், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். என் முதல் ஓட்டைக்கு 25 நிமிடம் ஆனது. நான்காவதற்குப் பன்னிரண்டு. உள்ளே கம்பி தட்டுப்பட்டால் மல்லுக்கட்டாமல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போங்கள். சுவிட்ச், பிளக் இவற்றுக்கு நேர் மேலேயும் நேர் பக்கத்திலேயும் தொடவே வேண்டாம், உள்ளே ஒயர் போகலாம்.

ஓட்டைக்குள் பிளாஸ்டிக் பிளக். ஊரில் எலெக்ட்ரீஷியன் 'ரால் பிளக்' என்பாரே, அது ஒரு மனிதரின் பெயர் தெரியுமா? ஜான் ஜோசப் ராலிங்ஸ். அதற்கு முன்பெல்லாம் சுவரில் பெரிய குழி தோண்டி மர ஆப்பு அடிப்பார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், சுவரைப் பாழாக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. அவர் சணல்நாரைச் சிறு குழாயாகச் செய்தார், 1911-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நாரை ஒட்ட எதைப் பயன்படுத்தினார்கள்? விலங்கு ரத்தம்! இன்று நாம் வாங்கும் நைலான் வடிவம் 1958-இல் ஜெர்மனியின் ஆர்தூர் ஃபிஷர் செய்தது. ஆயிரத்துக்கும் மேல் காப்புரிமை வைத்திருந்த மனிதர்.

இந்தச் சின்னத் துண்டு செய்வது என்ன? திருகாணி உள்ளே போகப் போக அது விரிந்து, ஓட்டையின் சுவரை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. யோசித்துப் பாருங்கள், ஸ்பிரிங் கம்பி ஜன்னலுக்குள் செய்வதை இது 6 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் செய்கிறது! இதைக் கண்டுபிடித்த நாளில் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. நீங்களாவது ஒரு லைக் போடுங்கள்.

சுவரைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வந்தால் அது வேறு வகைச் சுவர், அதற்கு உள்ளே விரியும் வேறு பிளக் கேட்டு வாங்குங்கள். சுத்தியல் சத்தமும் சத்தம்தான். வீவக விதிப்படி புதுப்பிப்பு வேலைக்குத் திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை. அதிகச் சத்தம் என்றால் வார நாளில் மட்டும், அதுவும் 5 மணியோடு சரி. ஞாயிற்றுக்கிழமை கிடையவே கிடையாது. வேலை செய்யும்போது ஜன்னலைச் சாத்திப் பூட்டிவிடுங்கள். நான் இருப்பது பன்னிரண்டாம் மாடி, கையிலிருந்து சுத்தியல் நழுவினால் விஷயம் கமெண்டோடு நிற்காது.

மட்டம் பார்க்க ரசமட்டம் தேவையில்லை, போனிலேயே இருக்கிறது. ஆனாலும் என் பேச்சைக் கேட்டு ஜன்னல் சட்டத்திலிருந்து அளந்து குறி வையுங்கள். என் வீட்டுச் சட்டமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. போன் சொன்னபடி மாட்டினேன், பார்ப்பவர்கள் எல்லாம் கம்பி கோணல் என்றார்கள்.

(காட்சி: புதிய கம்பி, புதிய கர்ட்டன். அத்தை இரு கையாலும் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்.)

நான்கு திருகாணி, நான்கு பிளக். அத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஈரத்தோட போடலாமா?" என்றார். போடலாம் அத்தை என்றேன். ஆனால் அவர் போடவில்லை. இந்த முறை கர்ட்டன் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில்தான் காய்ந்தது.

உங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை வண்ணம் ஒளிந்திருக்கிறது? எதையாவது பிய்த்தெடுத்து எண்ணியிருந்தால் கமெண்டில் எழுதுங்கள். என் மூன்றை யார் முந்துகிறீர்கள் என்று பார்க்கிறேன்.