மல்லாக்க நீச்சல்

நேயர்களுக்கு வணக்கம். நீர்ப்பூங்காவைப் பற்றிப் பேச அறுபத்தெட்டு வயசுக்காரியையா கூப்பிடுவார்கள் என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாரம்மாவாக இருந்தவள் நான். பெற்றோர் கூட்டம் ஒன்று விடாமல், "பொம்பளைப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, நீச்சல் டீச்சர் என்றே பேர் நிலைத்துவிட்டது. அந்த நீச்சல் டீச்சர் தண்ணீரில் இறங்கி ஐம்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன மே மாதம் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு நீர்ப்பூங்காவுக்குப் போனேன். பேர் சொல்ல மாட்டேன்; விளம்பரம் ஆகிவிடும் என்று வானொலி நிலையத்தில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை உள்ளே விடவில்லை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தின்று தீர்த்துவிட்டுத்தான் போனோம். அது போகட்டும்.

பருத்திப் புடவையோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம். நூல் பிசிறு வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். நனைந்த புடவை காலைச் சுற்றினால் ஆபத்தும்கூட. நியாயம்தான். மருமகள் நைலான் சட்டையும் கால்சட்டையும் வாடகைக்கு வாங்கி வந்து, "அத்தை, இங்க எல்லாரும் இதுதான், யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள். உடை மாற்றுகிற அறையில் என் வயசுக்காரிகள் ஏழெட்டுப் பேர், சட்டையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, வெளியே வர மனசில்லாமல் நின்றிருந்தார்கள். ஒரு அம்மா தாலிச் சரட்டைச் சட்டையோடு சேர்த்து ஊக்குக் குத்திக்கொண்டே என்னைப் பார்த்து, "நீங்க மொதல்ல போங்க" என்றார். "நீங்க போங்க" என்றேன் நான். கடைசியில் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாகப் போனோம்.

இந்த மாதிரிப் பூங்காக்களுக்கு முன்னோடி என்று சொல்லப்படுவதை 1977-ல் அமெரிக்காவில், ஆர்லாண்டோ நகரத்தில் ஜார்ஜ் மில்லே என்பவர் திறந்தார். அதற்கு ஏழெட்டு வருஷம் முன்பே எங்கள் தோட்டத்துக் கிணறு நீர்ப்பூங்காதான். சறுக்கு கிடையாது, அவ்வளவுதான். மாமன் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மிதப்பதற்காக முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூட்டைக் கட்டி, படியிலிருந்து தள்ளிவிடுவார். மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறி உச்சந்தலைவரைக்கும் சுரீர் என்கும். பத்து நாளில் புருடை போனது. அப்புறம் கயிறு போனது. மோட்டார் மேடையிலிருந்து குதிப்பேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மல்லாக்க நீச்சல். காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும், ஒரு சத்தம் கேட்காது. வட்டமாக வானம் மட்டும் தெரியும். பதிமூணு வயசில் பெரியவளானேன். "இனிக் கெணத்துப் பக்கம் போகாதே" என்றார் ஆத்தா. தம்பிமார் மட்டும் குதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வீட்டுத் திண்ணைவரைக்கும் கேட்கும்.

கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். அலைக்குளத்துக்கு வருகிறேன். அலை வருவதற்கு முன் ஒரு சங்கு ஊதுகிறார்கள். கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பழைய மில் சங்கு மாதிரியே இருக்கும். ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்குமாம். காற்றை ஊதித் தண்ணீரை அமுக்குவது, விடுவது, மறுபடி அமுக்குவது. ஊஞ்சலைத் தோது பார்த்துத் தள்ளுகிறோமே, அந்தக் கணக்குதான். சங்கு ஊதியதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாக்கள் போட்டார்கள் பாருங்கள் ஒரு கூச்சல்! முதல் அலை மார்பில் அடித்ததும் ஊக்குக் குத்திய அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், சிரிக்கிறார், நிறுத்தவே முடியவில்லை. அறுபது வயசில் இப்போதுதான் முதல்முறையாகக் குடத்தை விட்டால் வேறு தண்ணீரைத் தொடுகிறாராம். வீட்டுத் தண்ணீர் முழுக்கச் சுமந்தவர், நேயர்களே. தண்ணீருக்குள் இறங்கியதில்லை.

அலை நின்றது. நான் கொஞ்சம் ஒதுங்கிப் போய், மெதுவாகச் சாய்ந்து படுத்தேன். காது தண்ணீருக்குள் போயிற்று, சத்தம் போயிற்று. உடம்பு நின்றது! ஐம்பத்தைந்து வருஷம் கழித்தும் நின்றது. எத்தனை நேரம் என்று தெரியாது. திடீரென்று ஒரு கை முதுகைத் தாங்கியது. காவலுக்கு நிற்கிற பையன், விசில் வாயில் இருக்க, முகமெல்லாம் பயம். "பாட்டி, என்னாச்சு பாட்டி?"

"ஒண்ணும் ஆகலை கண்ணு, மல்லாக்கப் படுத்திருக்கேன்" என்றேன். பேத்தி ஓடிவந்து, "அப்பத்தா, உனக்கு நீச்சல் தெரியுமா?" என்றாள். அவளுக்குத் தெரியாது. ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து நாலு சுற்றுச் சுற்றி வந்ததை நீச்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். குளோரின் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் வெறும் குளோரின் காரணமில்லை. நம் வியர்வையும் சிறுநீரும் அதோடு சேர்வதால் வருவது. குளித்துவிட்டு இறங்குங்கள், பிள்ளைகளை அடிக்கடிக் கழிவறைக்குக் கூட்டிப் போங்கள். ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் அறிவித்திருக்கிறது; அதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன், நேரம் கிணற்றோடு போய்விட்டது. பேத்தியை இப்போது சனி, ஞாயிறு நீச்சல் வகுப்பில் விட்டிருக்கிறோம். மருமகளும் சேர்ந்திருக்கிறாள். வணக்கம்.