மூக்கடைப்புக்கு மார்க் போடுவது எப்படி?

வணக்கம். நான் காது, மூக்கு, தொண்டை டாக்டர். மூக்கடைப்பு என்று வருகிறவரிடம் "எவ்வளவு அடைக்குது?" என்று கேட்டால் "ரொம்ப டாக்டர்" என்பார். ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்துக் கேட்டால் "பரவாயில்லை டாக்டர்". இந்த ரொம்பவுக்கும் பரவாயில்லைக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

கருவியால் அளக்கலாமே என்பீர்கள். மூக்கில் காற்று போகும் வேகத்தையும் அதற்கு உள்ள தடையையும் அளக்கிற கருவி இருக்கிறது, ஆனால் அது காட்டுகிற எண்ணும் நோயாளி படுகிற பாடும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. மென்தால் தைலத்தை முகர்ந்தால் மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கிறதே, உள்ளே வழி அகலவே இல்லை, குளிர்ச்சியை உணர்கிற நரம்பு செய்கிற வேலை அது.

அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் எல்லோரையும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். 2004-ல் அமெரிக்காவில் 'நோஸ்' என்று ஒரு கேள்வித்தாள் வந்தது. மூக்கின் நடுச்சுவர் வளைவைச் சரிசெய்கிற ஆபரேஷனின் பலனை அளக்க உண்டாக்கியது. மூக்கு கனத்து அடைத்த மாதிரி இருப்பது, காற்று போகாமல் தடைபடுவது, மூக்கால் மூச்சுவிடச் சிரமம், தூக்கத்தில் தொல்லை, உடலை வருத்தி வேலை செய்யும்போது மூச்சு போதாமை என்று ஐந்தே கேள்வி. போன ஒரு மாதத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க் போட வேண்டும், கூட்டி ஐந்தால் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வந்துவிடும். நம் பரீட்சைக்கு நேர்மாறு, நூறு வாங்கினால் நிலைமை மோசம்.

பிரேசிலின் போர்ச்சுகீசியம், கிரேக்கம், இத்தாலியம், சீனம் என்று பல மொழிகளுக்கு இது போயிருக்கிறது. ஐந்து வரிதானே, ஒரு மத்தியானத்தில் மொழிபெயர்த்துவிடலாமே என்று தோன்றும். மொழிபெயர்ப்பு சின்ன வேலைதான். இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர்ப்பார்கள், அதில் ஒருவர் மருத்துவம் தெரியாதவராக இருப்பது நல்லது. அப்புறம் மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், எங்கே அர்த்தம் நழுவியது என்று அதில் தெரிந்துவிடும்.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான், நிஜ நோயாளிகள் கையில் தாளைக் கொடுத்துப் பார்ப்பது. "உடற்பயிற்சி செய்யும்போது" என்று எழுதியிருந்தால் எங்கள் ஓ.பி.க்கு வருகிற பாதிப் பேர் "அதெல்லாம் செய்யறதில்லீங்க" என்று 0-வில் டிக் போட்டுவிடுவார்கள். தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறும்போது வாயைத் திறந்து இளைக்கிறவரும் அந்த 0-வில்தான் போய் விழுவார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் பின்னாலிருந்து மனைவி பதில் சொல்வார், "இவர் நல்லாத்தான் தூங்குறார், குறட்டையில எனக்குத்தான் தூக்கமில்ல." இது யாருடைய மார்க், சொல்லுங்கள்?

படிக்கத் தெரியாதவருக்கு நர்ஸ் வாசித்துக் காட்டினால் பதில் மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிகிச்சை எதுவும் கொடுக்காமல் ஒன்றிரண்டு வாரத்தில் அதே ஆளைத் திரும்பக் கேட்டால் ஏறக்குறைய அதே மார்க் வர வேண்டும். மூக்கில் கோளாறே இல்லாதவர்களுக்குக் குறைவாக வர வேண்டும், ஆபரேஷன் பலித்தவர்களுக்கு இறங்க வேண்டும். இத்தனையும் பார்க்காமல் மொழிபெயர்த்த தாளை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

உங்கள் டாக்டர் இப்படி ஒரு தாளை நீட்டினால் இன்றைய மூக்கை வைத்துப் போடாதீர்கள், போன ஒரு மாதத்தை நினைத்துப் போடுங்கள். கூட வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.