கூண்டுல வர்றது பழைய கணக்கு

எல்லாருக்கும் வணக்கம், பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்துடுங்க, எனக்குக் கத்திப் பேச வராது.

அமெரிக்காவோட வடகிழக்கு மூலைல மெய்ன் வளைகுடா இருக்கு. உலகத்துல பெரும்பாலான கடலை விட அது வேகமா சூடாகிட்டு வருது, அந்தக் கரையில நிறைய ஊருக்குப் பொழப்பே கூண்டு போட்டுப் பிடிக்கிற லாப்ஸ்டர் தான், பெரிய கொடுக்கு வெச்ச சிங்கி இறால் மாதிரி ஒண்ணு. அப்போ வரத்து குறைஞ்சிருக்கும்னு தானே நினைப்பீங்க? 2016ல மெய்ன் மாநிலத்துல 13 கோடி பவுண்டு எடைக்கு மேல பிடிச்சாங்க, அதுவரைக்கும் அவ்ளோ வந்ததே இல்ல.

காரணம் என்னன்னா அங்க தண்ணி முன்னாடி ரொம்ப சில்லுனு இருந்துச்சு, கொஞ்சம் சூடு ஏறுனதும் குஞ்சுங்க பொழைக்க இடம் கூடிடுச்சு, குட்டி லாப்ஸ்டரைத் திங்கிற காட் மீனும் குறைஞ்சு போச்சு. மீனவங்களோட கட்டுப்பாடும் இதுல உண்டு. முட்டையோட பெண் லாப்ஸ்டர் கூண்டுல வந்தா வால்ல 'வி' மாதிரி ஒரு வெட்டு வெட்டி திரும்ப கடல்லயே விட்டுடுவாங்க, அடுத்த தடவை முட்டையில்லாம மாட்டுனாலும் அந்த வெட்டு இருந்தா தொடக்கூடாது.

அதே சூடு தெற்கே ஆளையே கவுத்துடுச்சு. 20 டிகிரி செல்சியஸ் தாண்டுனா லாப்ஸ்டருக்கு மூச்சு முட்டும், நியூயார்க்கை ஒட்டி இருக்குற லாங் ஐலண்ட் பக்கம் 1999ல கொத்துக் கொத்தா செத்துச்சு, லாப்ஸ்டரோட மேலோட்டை அரிச்சுத் தின்னுற ஒரு நோயும் அந்தத் தெற்குக் கடல்ல பரவுச்சு, அந்தத் தொழில் இன்னும் எந்திரிக்கல.

நல்லா வருதேனு நம்பி உக்கார முடியாது, ஏன்னா பொறந்த லாப்ஸ்டர் பிடிக்கிற அளவுக்கு வளர ஏழெட்டு வருஷம் ஆகும். இன்னைக்குக் கூண்டுல வர்றது அன்னைக்குப் பொறந்தது. அதனால ஆராய்ச்சிக்காரங்க குஞ்சை எண்ணுறாங்க, 1989லேர்ந்து. டைவர் கீழ போய் ஒரு சட்டத்தைப் பாறை மேல வெச்சு, அதுக்குள்ள இருக்குற கல்லை ஒவ்வொண்ணா தூக்கி, உறிஞ்சு குழாயால அடியில இருக்குறதை எல்லாம் இழுத்து வலைப்பையில பிடிப்பாரு. மேல வந்து கொட்டுனா மண்ணு, சிப்பி, நண்டு, அதுக்கு நடுவுல விரல் நகம் அளவுக்கு ஒரு லாப்ஸ்டர், அந்த சைஸ்லயே ரெண்டு கொடுக்கையும் தூக்கிட்டு சண்டைக்கு நிக்கும்!

கூண்டு நெறைஞ்ச அதே வருஷங்கள்ல பல இடத்துல இந்தக் குஞ்சுக் கணக்கு இறங்கிடுச்சு. முட்டையிலேர்ந்து வந்ததும் தண்ணில மிதக்குற லார்வாவுக்குக் கிடைக்கிற தீனி குறைஞ்சதுதான்னு ஒரு கட்சி. ஆழத்துலயும் இப்போ தண்ணி இதமாயிடுச்சு, குஞ்சுங்க டைவர் போகாத ஆழத்துல செட்டில் ஆகுதுனு இன்னொரு கட்சி. என்னைக் கேட்டா ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான், அதான் இப்போ கல்லு ரொப்புன தட்டை ஆழத்துல இறக்கி வெச்சு சில மாசம் கழிச்சு தூக்கிப் பாக்குறாங்க, மீனவங்களும் கூண்டுலயே டெம்பரேச்சர் கருவி கட்டி விடுறாங்க.

சின்னது குறையுதுனு 2023ல, பிடிக்கலாம்ங்கிற கீழ் அளவை ஒரு இன்ச்சுல 16ல ஒரு பங்கு கூட்ட முடிவு வந்துச்சு. அவ்ளோதான், ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஆனா மீனவங்க கொதிச்சாங்க, நாங்க கடல்ல திரும்ப விடுறதைப் பக்கத்துல கனடாக்காரன் பிடிச்சு விப்பானேனு, அதுல நியாயம் இல்லாமலும் இல்ல. ரெண்டு தடவை தள்ளிப் போட்டு 2025ல அந்த விதியையே தூக்கிட்டாங்க. குஞ்சு எண்ணுற வேலை மட்டும் நிக்கல.

கேள்வி இருந்தா கேளுங்க, மைக் அந்த ஓரத்துல இருக்கு.