ஏரியாவைப் பார்க்காதீர்கள், தெருவைப் பாருங்கள்! சின்னப் பிள்ளைகளோடு சென்னைக்குக் குடிவருபவர்களுக்கு

வணக்கம். சென்னையில் வீடு தேடுகிற எல்லோரும் முதலில் கேட்பது மூன்று கேள்விதான். எத்தனை பெட்ரூம், வாடகை எவ்வளவு, பார்க்கிங் இருக்கிறதா. உங்கள் வீட்டில் ஆறு வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால் இந்த மூன்றும் அப்புறம்தான். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக்கு வெளியே இருக்கிறது: காம்பவுண்டுச் சுவரில், முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ, வெள்ளம் நின்ற தடமாகப் படிந்து கிடக்கும் ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோடு சொல்கிற சங்கதியை எந்த புரோக்கரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வேலை மாற்றலாகி வருகிறீர்கள், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடியேற வேண்டும், கையில் இருப்பது ஒரு சனி ஞாயிறு. இந்த வீடியோ உங்களுக்குத்தான். நேரா விஷயத்துக்குப் போவோம்.

(திரையில்: சென்னை வரைபடம். அடையாறு, கூவம், பள்ளிக்கரணை சதுப்பு நிலம்.)

"வேளச்சேரி போகலாமா, அண்ணா நகர் போகலாமா, ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் போகலாமா?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. இந்த ஊரில் ஏரியா பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கிற தெருக்கள் ஒன்றல்ல. மழை பெய்தால் ஒரு தெருவில் படகு விடுவார்கள், இரண்டு தெரு தள்ளி பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் பின்கோடு ஒன்றுதான், வாடகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வீட்டு ஓனரிடம் "இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டால் "2015-லேயே வரலைங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில் போதாது, ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்த வீடியோவில் இதுதான் முக்கியமான இடம். சென்னையைச் சமீபத்தில் மூழ்கடித்த மூன்று வெள்ளங்களுக்கும் காரணம் வேறு வேறு. 2015 டிசம்பரில் வந்தது ஆற்று வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும், வழியில் மற்ற ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை தாண்டியது. முடிச்சூர், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றின் போக்கிலேயே ஊர்கள் மூழ்கின. 2021 நவம்பரில் அடித்த மழையில் தி.நகர் மூழ்கியது. அங்கே ஆறு எதுவும் கரை உடைக்கவில்லை. மாம்பலம் கால்வாயில் கட்டட இடிபாடுகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் வடிய வழியில்லாமல் போனது. தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய இடம், தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்தது. அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அப்போது தென்சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள இடங்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அந்தச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். புயல் நேரத்தில் கடலே பொங்கி நிற்கும்போது அது எங்கே உள்வாங்கும்? வேளச்சேரி, பெரும்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் தத்தளித்தன.

ஆகவே மூன்று வருடத்தையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2015, 2021, 2023. ஒன்றில் தப்பித்த தெரு இன்னொன்றில் மாட்டியிருக்கலாம். 2021-க்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு அமைத்த குழுவின் யோசனைப்படி பல இடங்களில் புது மழைநீர் வடிகால்கள் கட்டினார்கள், சில தெருக்களில் நிலைமை நிஜமாகவே மாறியிருக்கிறது, அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, ஓனர் சொல்லாததைத் தெரு எப்படிச் சொல்லும்? இதைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டுச் சுவருக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், கோடு மறைந்திருக்கும். பரவாயில்லை, பெயிண்ட் அடிக்க ஆள் இல்லாத சுவர்கள் அதே தெருவில் இருக்கும். காலி மனையின் மதில், பூட்டிக் கிடக்கும் வீடு, தெருவோரத்து மின்வாரியப் பெட்டி (இ.பி. பில்லர் பாக்ஸ்). அங்கே கோடு அப்படியே இருக்கும். அடுத்து, கீழ்தளத்தில் மின்சார மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒருமுறை தண்ணீரில் மூழ்கின வீடென்றால் மீட்டரைத் தலைக்கு மேலே ஏற்றியிருப்பார்கள், பழைய போர்டு இருந்த இடத்தில் நாலு திருகாணித் துளைகளும் சதுரமாக ஒரு வெளுத்த தடமும் மட்டும் மிச்சம் இருக்கும். சம்ப் மோட்டாரை மேடை கட்டி மேலே தூக்கி வைத்திருப்பார்கள். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் இருக்க வேண்டிய பிளக் பாயின்ட் மார்பு உயரத்தில் இருக்கும். இவ்வளவும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீடு வாயைத் திறந்து பேசிவிட்டது என்று அர்த்தம்.

வாசலில் நின்று படியை எண்ணுங்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்குள் ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா? பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டுப் பல தெருக்களில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அதற்கு முன்னால் உயர்ந்த உயரம் உயர்ந்ததுதான். வாசலில் இரண்டு படி கீழே இறங்கினால், நான் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கவே மாட்டேன்.

கடைசியாகத் தெருமுனை அண்ணாச்சி கடை. அவரிடம் "தண்ணீர் வருமா" என்று கேட்காதீர்கள், ஏரியாவை விட்டுக்கொடுக்காமல் "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் சொல்வார். "மிக்ஜாம் அப்போ ஃபிரிட்ஜைத் தூக்கி வச்சீங்களா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். தூக்கினவர் எத்தனை பேர் சேர்ந்து தூக்கினார்கள், அரிசி மூட்டை எத்தனை நனைந்தது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்.

"நாங்கள் மூன்றாவது மாடிதானே, எங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்பீர்கள். தெருவில் தண்ணீர் நின்றால் கரண்டை நிறுத்துவார்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, லிஃப்ட் ஓடாது, பாத்ரூமில் தண்ணீர் இல்லை, செப்டிக் டேங்க் எதிர்த்துக்கொண்டு வரும். 2023-ல் பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைந்தது. இரண்டு பெரியவர்கள் பிஸ்கட்டைத் தின்று சமாளித்துவிடலாம், பத்து மாதக் குழந்தை சமாளிக்காது. அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன். நீங்கள் சென்னையில் இருப்பவர் என்றால், 2023-ல் உங்கள் தெருவில் எதுவரை தண்ணீர் வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். கதவு எண் வேண்டாம், தெருப் பெயர் போதும். வரப்போகிற ஒரு குடும்பத்துக்கு அது பெரிய உபகாரம்.

(திரையில்: தண்ணீர் லாரி, அபார்ட்மெண்ட் வாசல்.)

வெள்ளம் முடிந்தது, இப்போது குடிக்கிற தண்ணீர். "மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா?" அதாவது குடிநீர் வாரியக் குழாயா, ஆழ்துளைக் கிணறா, லாரித் தண்ணீரா? இந்த ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள். ஓ.எம்.ஆரில் பெருங்குடி தொடங்கி செம்மஞ்சேரி வரை 2011-ல்தான் மாநகராட்சிக்குள் வந்தன, குழாயும் பாதாளச் சாக்கடையும் எல்லாத் தெருவுக்கும் ஒரே வேகத்தில் வந்து சேரவில்லை. லாரித் தண்ணீரை நம்பும் அபார்ட்மெண்டில் அந்தச் செலவு மெயின்டனன்ஸில் ஒளிந்திருக்கும், கோடையில் அது ஏறும். 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டபோது லாரிக்காகக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, லாரி வரும் தெரு என்றால் பிள்ளை விளையாடும் தெருவிலேயே அந்த லாரி ரிவர்ஸ் எடுக்கும். எந்த நேரத்தில் வருகிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம். பெயர் பெற்ற பள்ளி, தூரமாக இருந்தாலும் வேன் இருக்கிறதே என்று போகாதீர்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்குப் பள்ளி நேரத்தைவிட வேன் நேரம்தான் அலுப்பு. வரிசையில் முதலில் ஏறும் பிள்ளை எல்லா நிறுத்தத்தையும் சுற்றிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகும், மெட்ரோ ரயில் வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோடு என்றால் இன்னும் மோசம். எனவே பள்ளியை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு தேடுங்கள். வேனில்தான் விட வேண்டும் என்றால், உள்ளே உதவியாளர் ஒருவர் இருக்கிறாரா என்று ஒரு காலையில் நின்று பாருங்கள். 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அந்த விதிகளில் இருக்கிறது, கேட்பது உங்கள் உரிமை.

கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் உண்டு, அதற்கு விண்ணப்பிக்கத் தமிழ்நாட்டில் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாமல் அந்தக் கதவே திறக்காது, வாடகை ஒப்பந்தத்தை முதல் வாரமே எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் வயதையும் கவனியுங்கள்: இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது முடிந்தால் போதும், கேந்திரிய வித்யாலயாவில் 6 கேட்பார்கள்.

ஆஸ்பத்திரி பற்றி ஒரே வார்த்தை: இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவீர்கள் என்று வீட்டை முடிவு செய்வதற்கு முன்பே தெரிய வேண்டும். பெரிய சிகிச்சைக்கு எழும்பூர் அரசுக் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. தடுப்பூசிக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போனால் இலவசம்.

இப்போது எல்லோரும் சண்டை போடுகிற விஷயம். கேட் போட்ட பெரிய அபார்ட்மெண்டா, பழைய தெருவா? சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் அடுக்குமாடியில் பூங்கா உள்ளேயே, நீச்சல் குளம் உள்ளேயே, கார் ஓடாத பாதை, ஒரே வயதில் இருபது பிள்ளைகள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு, கிரெச்சும் அதே வளாகத்தில் இருந்தால், அது பெரிய வரம்தான். ஆனால் ஊரிலிருந்து பாட்டி தாத்தா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள் என்றால் என் ஓட்டு நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், கே.கே. நகர் மாதிரி இடங்களுக்கு, மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையில் அந்தத் தெரு தேறினால். பாட்டிக்குக் கோயில் நடக்கிற தூரம், கீரைக்காரம்மா வாசலுக்கு வருவார், தாத்தாவுக்குப் பேச ஆள் கிடைக்கும். பதினெட்டாவது மாடியில் பெரியவர்கள் டி.வி.யோடு அடைந்து கிடந்தால் அந்தச் சலிப்பு குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

எதுவானாலும் வீட்டைக் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். சாயங்காலம் நாலரை மணிக்குப் போங்கள். தரையில் செங்கல் துண்டால் பாண்டிக் கட்டம் போட்டிருக்கிறதா, கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு பாட்டிமார் உட்கார்ந்திருக்கிறார்களா, சைக்கிள் ஓட்டும் பிள்ளை ஒன்றாவது கண்ணில் படுகிறதா? பட்டால் அந்தத் தெருவில் உங்கள் பிள்ளையையும் நாலு பேர் கவனிப்பார்கள். அப்புறம் இரவு ஒன்பதுக்கு இன்னொரு முறை. டாஸ்மாக் கடைகளுக்கு மாநகராட்சிப் பகுதியில் பள்ளி, கோயிலிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் விதி, 50 மீட்டர் என்பது நாலைந்து வீடு. தெரு விளக்கு எரிகிறதா, பார்சல் பாட்டில்களோடு யாராவது நிற்கிறார்களா என்று அப்போதுதான் தெரியும்.

கடைசியாகப் பணமும் காகிதமும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரையில், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்ற வாசல் இருப்பதால் ஓனர்கள் அதிகம் கேட்பார்கள், ஆனால் சட்டத்தைச் சொல்லிப் பேசினால் பத்து ஆறாக, ஐந்தாகக் குறையும். கூச்சப்படாமல் பேசுங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தத்தில் இன்னொரு சிக்கல், பிள்ளை இல்லாதவர்களுக்கு இது உறைக்கவே உறைக்காது. செப்டம்பரில் குடியேறினால் ஒப்பந்தம் ஜூலையில் முடியும். அப்போது பள்ளி திறந்து, ஃபீஸ் கட்டி, புத்தகத்துக்கு அட்டை போட்டு முடித்திருப்பீர்கள், ஓனர் "வீடு வேணும்" என்றால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். எனவே முதலிலேயே ஏப்ரல் அல்லது மே மாதத்தில் முடிகிற மாதிரிக் காலத்தை எழுதச் சொல்லுங்கள், இருபது மாதமானாலும் பரவாயில்லை. எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, அந்த வாடகைச் சட்டத்தின் கீழ் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுங்கள். ஓனர் தயங்கினால் காரணத்தைச் சொல்லுங்கள்: பிள்ளை படிக்கிற வருஷத்தின் நடுவில் எங்களால் மாற முடியாது. இதைக் கேட்டு மறுத்த ஓனர்கள் குறைவு.