மேடை வரை வழி இருக்கிறதா?

(சேலத்தில் மண்டப நிர்வாகிகளும் சிறுதொழில் நடத்துவோரும் அலுவலகப் பொறுப்பாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர் மண்டபங்கள் பலவற்றில் இப்போது வாசலில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். நல்ல மாற்றம். சக்கர நாற்காலியில் வருகிறவர் யார் தயவும் இல்லாமல் உள்ளே வந்துவிடலாம். உள்ளே வந்தபின் மேடையைப் பாருங்கள். மூன்றடி உயரம், இரண்டு பக்கமும் படிக்கட்டு. வாசலுக்குச் சாய்தளம் போட்டவர் மேடைக்குப் போடவில்லை என்றால், மாற்றுத்திறனாளியை எந்த இடத்தில் வைத்துப் பார்த்தார் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. கீழே உட்கார்ந்து கேட்பார், நலத்திட்ட உதவி வாங்குவார், வீட்டுக்குப் போவார். அவர் பேச வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. அலுவலகத்திலும் இதே கதைதான். வேலை தரைத்தளத்தில் கொடுக்கிறோம். முடிவெடுக்கிற கூட்டம் மாடியில் நடக்கிறது. நான் இன்று பேச வந்தது இந்த மிச்சத் தூரத்தைப் பற்றி.

முதலில் சாய்தளக் கணக்கு. ஓரடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி மேடைக்கு 36 அடி. இடையில் 9 மீட்டருக்குள் ஒரு சமதளம், மேலும் கீழும் நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடம். பாதி மண்டபத்தை இதுவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நிகழ்ச்சியன்று காலையில் பந்தல்காரரைக் கூப்பிட்டு, ஆறடிப் பலகை ஒன்றைப் படிக்கட்டின் மேல் சாய்த்துவிடுகிறார்கள். மூன்றடி உயரத்துக்கு ஆறடிப் பலகை என்றால் அது சறுக்குமரம். ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழும், இறங்கும்போது ஆள் முன்பக்கம் விழுவார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மேடையைத் தாழ்த்துங்கள். ஓரடி உயர மேடை போட்டால் முந்நூறு பேர் அரங்கில் கடைசி வரிசைக்கும் பேச்சாளர் முகம் ஓரளவு தெரியும். தெரியாவிட்டால் ஒரு திரை வையுங்கள். ஓரடி மேடைக்கு 12 அடிச் சாய்தளம் போதும். எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் ஒன்றரைப் பலகை, வேண்டிய நாலடி அகலம் அதிலேயே கிடைத்துவிடும். 19 மி.மீ. தடிமன் எடுங்கள், அடியில் இரண்டடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். மின்சார நாற்காலி ஆளோடு சேர்த்து 150 கிலோவைத் தாண்டக்கூடியது. பலகை தொய்ந்தால் யாராக இருந்தாலும் பாதியில் நின்றுவிடுவார். இரு ஓரத்திலும் சக்கரம் வழுக்கி விழாமல் ஒரு ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், அடியுங்கள். கைப்பிடி 76 செ.மீ. உயரத்தில் ஒன்று, 90 செ.மீ. உயரத்தில் ஒன்று. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் அழகுக்காகச் சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் காரியம் கெடும். நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. கம்பளம் சுருண்டால் அதில் மாட்டி அப்படியே நின்றுவிடும். ஊன்றுகோல்காரருக்கும் அதே ஆபத்து. கம்பளத்தை எடுத்துவிடுங்கள்.

இதற்கும் வசதி இல்லையா? எல்லாப் பேச்சாளர்களும் கீழேயே அமரட்டும். ஐந்து பேர் மேலே, நாற்காலியில் இருப்பவர் மட்டும் கீழே என்ற ஏற்பாடு மட்டும் வேண்டாம்.

நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாமே என்று அன்போடு சொல்வார்கள். அன்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் கை தாங்கியும் கால் தாங்கியும் பெரும்பாலும் கழற்றி மாட்டுகிற பாகங்கள். அவசரத்தில் அவற்றைப் பிடித்துத் தூக்கினால் பாகம் கையோடு வரும், ஆள் கீழே இருப்பார். முதுகுத்தண்டு பாதிப்புள்ளவருக்குக் காலில் அடிபட்டால் வலிகூடத் தெரியாது. வீட்டுக்குப் போன பிறகுதான் காயம் கண்ணில் படும். அதோடு, சபை முழுக்கப் பார்க்க மூட்டையைப் போலத் தூக்கி வைக்கப்பட்ட ஒருவர் அடுத்த நிமிடம் அதே சபையில் தலைநிமிர்ந்து பேச வேண்டும். அதை ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.

மேடைக்கு வந்தாயிற்று. அடுத்தது மைக். நாலடி உயரப் பேச்சு மேசைக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் இருப்பவரின் தலைமுடி மட்டுமே தெரியும். அவருக்கு 75 செ.மீ. உயர மேசை, அடியில் முழங்கால் நுழைய இடம், வளையும் கழுத்துள்ள மைக். ஊன்றுகோலில் வருகிறவருக்கு இரண்டு கையும் ஊன்றுகோலிலேயே இருக்கும். கையில் மைக்கைத் திணித்தால் அவர் என்ன செய்வார்? சட்டையில் குத்துகிற மைக் கொடுங்கள், பேசுமிடத்தில் கைவைத்த நாற்காலி ஒன்று போடுங்கள்.

பார்வையற்ற பேச்சாளர் என்றால் கூட்டம் தொடங்க அரை மணி முன்பே மேடைக்கு அழைத்துப்போங்கள். அவர் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். படி எத்தனை, மேடை விளிம்பு எத்தனை எட்டு, மைக் எங்கே, தண்ணீர் எங்கே என்று தொட்டுக் காட்டுங்கள். மேடையில் யார் யார் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லுங்கள். பிறகு வருகிற சிக்கல் யாரும் எதிர்பாராதது: நேரம் முடிந்தால் நாம் துண்டுச்சீட்டு நீட்டுவோம். அவருக்கு அது பயனில்லை. போன் அதிர்வா, தோளில் ஒரு தட்டா என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காது கேளாத பேச்சாளருக்கு மணி அடித்தும் பயனில்லை. எதிரே ஒருவர் கை காட்ட வேண்டும். திக்கிப் பேசுகிறவருக்கு மணியே ஒரு தண்டனை. அவருக்குக் கூடுதல் நிமிடங்களை நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்துவிடுங்கள். ‘பதறாமப் பேசுங்க’ என்று ஆறுதல் சொல்வதும், வார்த்தையை நாம் முடித்துக் கொடுப்பதும் அவரை மேலும் திணறடிக்கும். காத்திருப்பது ஒன்றே உதவி.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையே மாற்றுத்திறனாளிகளுக்கு எழுந்து நிற்பதிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. உட்கார்ந்திருப்பவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

சைகை மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்லெண்ணம் உள்ளவர்களும் தவறுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட்டம் என்றால் இருவர் வேண்டும். கேட்டு, புரிந்து, இன்னொரு மொழியில் கையால் சொல்வது மூளைக்குக் கடும் வேலை. 20 நிமிடத்தில் களைப்பு வரும், தவறும் வரும். அவர்கள் பேச்சாளருக்கு அருகிலேயே நிற்க வேண்டும். ஓரமாகத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் காது கேளாதவர் பேச்சாளர் முகத்தையும் சைகையையும் சேர்த்துப் பார்க்க முடியாது. படம் போட விளக்கை அணைக்கிறோம். அந்த நொடியில் அவர்களுக்குக் கூட்டம் முடிந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் மேல் ஒரு விளக்கு கடைசிவரை எரிய வேண்டும். பின்னணியில் பூவேலைத் திரையும் ஓடும் எல்இடி விளக்கும் வேண்டாம். உரையை இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள், குறிப்பாக ஆட்பெயர், ஊர்ப்பெயர், துறைச் சொற்களை. காது கேளாதவரே பேசும்போது ஏற்பாடு தலைகீழாகும். மொழிபெயர்ப்பாளர் முன்வரிசையில் அவரைப் பார்த்து உட்கார்ந்து மைக்கில் குரல் கொடுப்பார். அந்த முன்வரிசை நாற்காலியை யாராவது பிரமுகருக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று.

காது கேளாத எல்லோருக்கும் சைகை மொழி தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் விசைத்தறிக் கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் ஏராளம். தறிச்சத்தம் பல கூடங்களில் 90 டெசிபலைத் தாண்டும். வருஷக்கணக்கில் கேட்டால் காது மெல்ல மெல்ல மந்தமாகும், அதுவும் கீச்சென்ற உயர்சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். அவர்கள் யாரும் தங்களை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. உதட்டைப் பார்த்து ஊகித்துச் சமாளிப்பார்கள். உதடு எல்லாவற்றையும் காட்டாது: ‘பணம்’, ‘மணம்’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். ஆகவே மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் மோவாய்க்குக் கீழே பிடியுங்கள். ‘எனக்குக் குரல் பெருசு, மைக் வேண்டாம்’ என்று எழுந்து கேள்வி கேட்கிறவரை விடாதீர்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலியும் ஒலிப்பதிவும் மைக்கிலிருந்துதான் வாங்குகின்றன. அந்தச் செயலிகள் தமிழில் வந்துவிட்டன, உதவியாகவும் இருக்கின்றன. பெயர்களில் மட்டும் நிறையத் தடுமாறும். ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

இனி ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது. நிகழ்ச்சி நிரலையும் சுற்றறிக்கையையும் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரியும். கணினிக்குள் அது ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கிறது. பார்வையற்ற ஊழியர் கணினியில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைத்தான் வாசிக்கும். முப்பது பக்கம் இப்படியே ஓடினால் அவர் என்ன செய்வார்? தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, ஏற்றுக்கொண்டது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், ஒருங்குறித் தமிழை வாசிக்கும். வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கையைப் படமாகப் போடுகிறவர்கள் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் போடுங்கள். ஒரு நிமிட வேலை.

அலுவலகத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995 சட்டத்தில் ஏழு வகையாக இருந்த மாற்றுத்திறன் பட்டியல் இதில் 21 வகை ஆனது. தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும்; 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதி பட்டியலே கொடுக்கிறது: எந்தெந்தப் பணி, தேர்வு முறை, பயிற்சி, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவி, பொறுப்பு அலுவலர். இணையத்திலிருந்து ஒன்றை நகலெடுத்துச் சுவரில் ஒட்டினால் தாளுக்குத்தான் செலவு. வேலை செய்யவோ தேர்வு எழுதவோ தேவைப்படும் நியாயமான வசதியைக் கேட்க 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று கட்டாயம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் அந்த எண்ணத்தை ஏற்கவில்லை; 40 சதவீதம் இல்லாதவருக்கும், சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தரும் உதவி எழுத்தர் கிடைக்க வேண்டும் என்றது.

விளம்பரத்திலேயே வடிகட்டல் நடக்கிறது. கணக்கு எழுதும் வேலைக்கு ‘டூவீலர் லைசென்ஸ் அவசியம்’ என்று போடுகிறோம். எதற்கு? வங்கிக்கு வாரம் ஒருமுறை போக. அதை வேறொருவர் செய்துகொள்ளலாம். நேர்காணல் அழைப்பில் ‘என்ன வசதி செய்து தர வேண்டும்?’ என்று ஒரு வரி சேருங்கள், எல்லோருக்கும் அனுப்பும் கடிதத்திலேயே. வேலைக்குச் சேர்ந்த பிறகு கைரேகை வருகைப்பதிவு. தொழுநோயிலிருந்து குணமடைந்து விரல் மழுங்கியவருக்கு அது பதியாது. நாற்காலியில் இருப்பவருக்கு ஐந்தடி உயரத்தில் மாட்டிய கருவி எட்டாது. தலசீமியா என்ற ரத்தக் கோளாறு கடுமையாக உள்ளவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற ஒரு நாள் போகும். அதை ‘அடிக்கடி லீவு’ என்று குறிப்பேட்டில் எழுதினால் பதவி உயர்வில் அடி விழும். வெள்ளிப் பட்டறையில் காது கேளாதவர் பற்றவைக்கும் நெருப்புக்கு முன்னால் இருக்கிறார் என்றால், எச்சரிக்கை மணியோடு மின்னி எரியும் விளக்கும் இருந்தாக வேண்டும். இதில் பேரமே கிடையாது. கழிவறைக் கதவு 90 செ.மீ. அகலம், வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. நிறைய இடங்களில் இந்தக் கழிவறைதான் துடைப்பமும் பினாயிலும் வைக்கும் அறையாகிவிடுகிறது.

முக்கியமான பேச்சு எங்கே நடக்கிறது என்றும் பாருங்கள். கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நாலு பேர் நின்று பேசி முடிவு செய்துவிட்டால், நாற்காலியில் இருப்பவரும் காது கேளாதவரும் மறுநாள் தகவலாகத்தான் அதை அறிவார்கள். அங்கே பேசியதை அன்றே எழுத்தில் போட்டு, அவர்கள் கருத்தைக் கேட்டபின் முடிவெடுங்கள்.

ஏற்காட்டுக்குப் பயிற்சி முகாம் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டியில், இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவருக்கு உடல் ஒவ்வொரு வளைவிலும் சாயும். மார்புப் பட்டை கேளுங்கள். சரிவில் கட்டிய விடுதிகளில் அறையிலிருந்து கூட்ட அறைக்கு நாற்பது படி இருக்கலாம். புகைப்படத்தை நம்பாமல் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, கதவு அகலத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். பாசி பிடித்த கல்நடையில் ஊன்றுகோலின் ரப்பர் தொப்பி தேய்ந்திருந்தால் வழுக்கும். மாற்று ரப்பர் இரண்டு பையில் இருக்கட்டும். பனி இறங்கினால் திறந்தவெளியில் சைகை தெரியாது, கூட்டத்தை உள்ளே வையுங்கள். எல்லோரும் போகத் தோதில்லை என்றால் அடிவாரத்திலேயே வேறு இடம் பாருங்கள். ஒருவரை விட்டுவிட்டு ‘குழு ஒற்றுமை’ பயிற்சி நடத்த முடியாது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். பூமாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, ஃபிளெக்ஸ் இவற்றின் தொகையை எழுதிப் பக்கத்தில் இரண்டு மொழிபெயர்ப்பாளர் சம்பளத்தையும் பிளைவுட் விலையையும் எழுதிப் பாருங்கள். எதைக் குறைக்கலாம் என்று நீங்களே முடிவு செய்வீர்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு போட்டால் பலகை சாய்ப்பதுதான் மிஞ்சும்.

இனி உங்கள் கேள்விகள். மைக் உங்கள் இருக்கைக்கே வரும், எழுந்திருக்க வேண்டாம். பேச விரும்பாதவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம், அதை நான் உரக்கப் படித்துவிட்டே பதில் சொல்கிறேன். கேள்வி கேட்பவர் முதலில் தன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.