ஓரத்தில் பென்சிலால் எழுதியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்பெனி பஸ்ஸிலும், ரயிலிலும், குக்கர் அடங்கக் காத்திருக்கிற நேரத்திலும் நீங்கள் படித்த மாத நாவல்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அதெல்லாம் படித்தேன் என்று வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளலாம். கூச்சப்படத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் லெண்டிங் லைப்ரரி நடத்தினேன். ஒரு பெஞ்ச், இரண்டு இரும்பு அலமாரி, நீளமான ஒரு ரிஜிஸ்டர், அவ்வளவுதான். சென்னையிலிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிற நாவல் கட்டுக்காக அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேராவது வாசலில் நிற்பார்கள். பாதிப் புத்தகங்கள் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகள். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு பண்ணியவை. அந்த பைண்டு புத்தகங்களுக்கு என்று தனி ருசி உண்டு. கதாநாயகி கண்ணீர் விடுகிற பக்கத்தைத் திருப்பினால் பின்னால் பாதி ஜோக்கும் ஒரு தைல விளம்பரமும் இருக்கும். ஜோக்கின் மீதிப் பாதி எங்கே போனது என்று கடைசிவரை தெரியாது. சரி, இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கதைகள் மீது இரண்டு குற்றச்சாட்டுகள். முதலாவது, இது இலக்கியம் இல்லை என்பது. அதை இலக்கியக்காரர்களே பேசி முடிக்கட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு முதல் படைப்பைக் கைப்பட எழுதத் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதினார். அப்படித் தொடங்கியவர் 115 நாவல் எழுதினார், பத்திரிகையும் நடத்தினார். அதைப் படிப்பதற்காகவே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்ட பாட்டிகளைப் பற்றி நம்மில் பலர் வீட்டிலேயே கேட்டிருப்போம்.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் கனமானது. கதாநாயகன் முரடன். அண்ணன் செய்த தப்புக்குத் தங்கையைப் பழிவாங்க அவளையே கல்யாணம் செய்துகொள்கிறான். அதட்டுகிறான், சந்தேகப்படுகிறான், சில கதைகளில் கையும் நீட்டுகிறான். கடைசியில் அவனுக்கு ஒரு விஷக்காய்ச்சலோ கார் விபத்தோ வருகிறது. அவள் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிறாள். அவன் கண் கலங்குகிறான். சுபம். இதையே படித்து வளர்கிற பெண், அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம்பிவிட மாட்டாளா?

நியாயமான கேள்வி. ஆனால் கேட்கிறவர்கள் படிக்கிறவளைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்திருக்கிறேன். அவள் சும்மா படிப்பதில்லை.

புத்தகத்தில் எழுதக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே ரப்பர் ஸ்டாம்பு குத்தி வைத்திருந்தேன். யார் கேட்டார்கள்? ஒரு நாவல், பெயர் வேண்டாம், அதே மாதிரி நூறு நாவல் இருக்கிறது, ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பென்சில். ஒரே கையெழுத்து இல்லை, நாலைந்து பேர். கதாநாயகன், எதிர்த்துப் பேசுகிற பெண்களை எனக்குப் பிடிக்காது என்கிறான். பக்கத்தில் ஒருத்தி, "உனக்கு யாரைத்தான் பிடிக்கும்?" என்று எழுதியிருந்தாள். பிறகு அவன் அறைகிறான். ஆசிரியர் என்ன எழுதுகிறார் என்றால், அவன் விரல் பட்ட கன்னம் ரோஜாவாகச் சிவந்ததாம். ஓரத்தில்: "ஐயோடெக்ஸ் தடவு."

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: "அண்ணன் வீட்டுக்குப் போ." அதற்குக் கீழே இன்னொருத்தி: "அண்ணி விடணுமே." அதற்கும் கீழே குண்டுகுண்டான எழுத்தில்: "டைப்ரைட்டிங் தெரியும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னாளே, வேலைக்குப் போகட்டும்." ஆசிரியரே மறந்துபோன டைப்ரைட்டிங்கை ஒரு வாசகி ஞாபகம் வைத்திருக்கிறாள், பாருங்கள். நம் பெங்களூர்க்காரி ஒருத்தி மட்டும், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடும்மா", கொஞ்சம் அனுசரித்துப் போம்மா என்று கன்னடத்தில் கதாநாயகிக்குப் புத்தி சொல்லியிருந்தாள். அதை யாரோ காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்துவிட்டிருந்தார்கள்.

இன்னொரு பக்கத்தில், "என் வீட்டிலும்" என்று இரண்டே வார்த்தை. ரப்பரால் அழித்திருந்தது. அழுத்தி எழுதியதால் தடம் போகவில்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினால் யாரென்று கண்டுபிடித்திருக்கலாம். நான் புரட்டவில்லை. அந்தப் புத்தகத்தை மட்டும் அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன். அப்படியும் தேடி வந்து கேட்டார்கள். கதைக்காக இல்லை, ஓரத்துக்காக!

நான் சொல்ல வருவது இதுதான். சொந்தக் கணவனைப் பற்றி வாய் திறக்க முடியாத இடத்தில், கதாநாயகனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஜாலஹள்ளி போகிற கம்பெனி பஸ்ஸில், அவனை மன்னிக்கலாமா கூடாதா என்று என் வாசகிகள் ஃபேக்டரி கேட் வரைக்கும் சண்டை போட்டிருக்கிறார்கள். பேச்சு அவனைப் பற்றித்தான். அவன் மட்டும்தானா என்று யாரும் கேட்பதில்லை. சம்பளக் கவரைப் பிடுங்கிக்கொள்வதும், வாயால் வதைப்பதும் வன்முறைதான் என்று குடும்ப வன்முறைச் சட்டம் சொன்னது 2005இல். பஸ்ஸில் அந்தத் தீர்ப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது.

இது புதுப் பழக்கமும் இல்லை. சங்கப் பாடல்களில் ஊடலைச் சொல்கிற மருதத்திணையை எடுத்துக்கொள்ளுங்கள். பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்த தலைவன் வாசலில் நிற்பான். தோழி உள்ளே விடமாட்டாள், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பாள். வாயில் மறுத்தல் என்று அதற்குத் துறையே உண்டு. தப்பு செய்கிற தலைவனைப் பாட்டில் வைக்காதே என்று எந்தப் புலவரிடமும் யாரும் சொல்லவில்லை. எதிரே ஒரு தோழியை நிற்க வைத்தார்கள். என் லைப்ரரியில் பென்சில் பிடித்தவர்கள் அந்தத் தோழிகள்தான்.

இப்படிச் சண்டை போடுகிற வாசகர்களால் கதைக்கும் லாபம் உண்டு. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. ஒருவன் பெண்ணைக் கெடுத்துவிடுகிறான். அவளுடைய அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அது எப்படி என்று ஒரு கூட்டம் கொதித்தது. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே பிற்பாடு நாவல் எழுதினார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. கடைத்தெருவில் தொங்குகிற வாரப் பத்திரிகையில் கிளம்பிய சண்டை அது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. கதாநாயகன் அடிப்பதைக் காட்டுவது ஒன்று, அடிபட்ட கன்னத்தை ரோஜா என்று வர்ணிப்பது வேறொன்று. அடித்தவன் பாத்திரம், ரோஜா என்றவர் ஆசிரியர். எனக்கு வழக்கு ஆசிரியரோடுதான். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் தாழ்ப்பாள் போடுகிறவனை, 'உரிமையோடு' நெருங்கினான் என்று எழுதும்போது அந்த 'உரிமையோடு' யாருடைய குரல்? முரடனை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அவனுக்கு நீங்களே வக்கீலாகாதீர்கள்.

அந்த அவசர மன்னிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அச்சகம் தெரிந்தவர்களுக்குப் புரியும். 16 பக்கம் ஒரு பாரம். மாத நாவல் என்றால் 6 பாரம், 8 பாரம் என்று கணக்கு. அதற்கு மேல் ஒரு பக்கம்கூடக் கிடையாது. முரட்டுத்தனம் சுவாரசியம் என்று ஐந்து பாரத்தைத் தின்றுவிடும். திருந்துவதற்கு அரைப் பாரம்கூட மிஞ்சாது. அதனால்தான் காய்ச்சல் வருகிறது! நிஜத்தில் ஒரு மனிதன் திருந்துகிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வழுக்குவான், மறுபடி மன்னிப்புக் கேட்பான், அவள் நம்பமாட்டாள். அதை எழுதினால் அதுதானே நல்ல கதை? வாரக்கணக்கில் ஓடிய தொடர்கதைகளில் சிலர் அதை எழுதியும் இருக்கிறார்கள். இடம் இருந்தது, எழுதினார்கள்.

என் அண்ணன் மகள் இதை ஒத்துக்கொள்வதில்லை. "அத்தை, நீங்க நாற்பது வயசில் பென்சிலோடு படிச்சீங்க. பதினாறு வயசில் படிக்கிறவள் கையில் பென்சில் இருக்காது" என்கிறாள். அவள் சொல்வதில் பாதி சரி. பொறாமைதான் பாசம் என்று நினைத்துக்கொண்டு படித்த சின்னப் பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட சின்னப் பெண்ணிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கினால் மறைத்து வைத்துப் படிப்பாள், அப்போது பேச ஆள் இருக்காது. என் லைப்ரரியில் அப்படி ஒரு பெண் வந்தால், நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது பெஞ்சில் உட்கார வைத்து, இவனை நீ கட்டிக்குவியா என்று கேட்பேன். சிரித்துக்கொண்டு ஆமாம் என்பார்கள். ரெண்டாவது தடவை கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அப்புறம் அடுத்த புத்தகத்தைக் கொடுப்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தானாம். போனில் படிக்கிற கதைகளைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். போனில் கதை படிக்கிற செயலியான பிரதிலிபி நம்ம ஊரில் 2014இல் ஆரம்பித்த கம்பெனிதான். அங்கே பாரக் கணக்கு கிடையாது, நூறு அத்தியாயம்கூடப் போகலாம். அப்படியும் திருந்துவது கடைசியில்தான் வருகிறது. ஆக, குற்றத்தை அச்சகத்தின் தலையிலேயே கட்டிவிடவும் முடியாது போலிருக்கிறது. அதை விவரமாகப் பேச வேண்டும்.

அப்புறம் மாமியார்கள். கணவனாவது கடைசி அத்தியாயத்தில் திருந்துகிறான். மாமியாருக்கு அந்தக் காய்ச்சல்கூட வருவதில்லை. அவர்கள் கட்சியையும் பேச வேண்டும் என்று தனியாகக் குறிப்பு எடுத்து வந்தேன், நானும் இப்போது ஒரு மாமியார் இல்லையா? ஒரு விரலாகிவிட்டது. இன்னொரு நாள் கூப்பிட்டால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நன்றி, வணக்கம்.